ஊட்டிக் குளிர் பழகியவர்கள் பின்லாந்து போனால்

கேள்வி இது. கோத்தகிரிப் பக்கம் மூன்று ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் தம்பதி. கல்யாணமாகிப் பத்து வருஷம். பனிக்காலத்தில் இலை வரத்து குறைந்துவிடும் என்பதால், ஏழு வயது மகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, இருவர் மட்டும் ஒரு வாரம் ஐஸ்லாந்தோ பின்லாந்தோ போய்ப் பனியும் துருவ ஒளியும் பார்த்து வர ஆசை. “எங்கள் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊரில் இருந்தாக வேண்டும். டிசம்பர் நடுவில் போய் அதற்குள் திரும்பிவிடலாமா, இல்லை பண்டிகை முடிந்து போவதா? எத்தனை ஊர் பார்க்கலாம்? குளிர் எங்களுக்குப் பழக்கம்தான், துணிமணி புதிதாக வாங்க வேண்டுமா?”

“குளிர் எங்களுக்குப் பழக்கம்தான்” என்ற வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்களுக்கு ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவை ஒட்டி வீடு. நானும் மனைவியும் பின்லாந்தின் வட பகுதியான லாப்லாந்துக்கு இரண்டு முறை போயிருக்கிறோம். ஒரு தடவை டிசம்பர் மூன்றாம் வாரம், இன்னொரு தடவை மார்ச் முதல் வாரம். முதல் தடவை கிளம்பும்போது நாங்களும் இதே வசனத்தைத்தான் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

நம் ஊர்க் குளிர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும் குளிர். ஜனவரி விடிகாலையில் புல்வெளி எல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடக்கும்போது, வெளியே பூஜ்யம் டிகிரி என்றால் என் படுக்கையறையில் பத்தோ பதினொன்றோ இருக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்பு ஓரம் வைத்தால்தான் தலைக்குத் தடவ முடியும். ஆனால் ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால் போதும், பத்து மணிக்கு ஸ்வெட்டர் இடுப்பில் கட்டியிருக்கும். அங்கே எல்லாம் தலைகீழ். வெளியே மைனஸ் 20 என்றாலும் அறைக்குள் 21, 22 டிகிரி. ஜன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. பனியனோடு உட்கார்ந்து காபி குடிக்கலாம். போன முதல் நாளே என் மனைவி சொன்னாள்: “நம்ம வீட்டை விட இங்கதாங்க கதகதன்னு இருக்கு.” வெளிக்காற்றும் வறண்டது. நம் மூடுபனியின் ஈரம் எலும்பு வரைக்கும் இறங்குமே, அது அங்கே இல்லை. ஆகவே குளிரைத் தாங்கிவிடுவீர்கள். நாங்கள் தடுமாறியது இருட்டில்.

ஊட்டியில் வருஷத்தின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றேகால் மணி நேரத்துக்கு மேல். லாப்லாந்தின் தலைநகரான ரோவனியெமி ஆர்க்டிக் வட்டத்துக்குச் சில கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அங்கே டிசம்பர் 21-ல் சூரியன் பதினொரு மணிக்கு மேல் எட்டிப் பார்த்து, ஒன்றரைக்குள் போய்விடும். மேகம் இருந்தால் அதுவும் கிடையாது. இன்னும் வடக்கே உட்ஸ்யோக்கி வரை போனால் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சூரியன் எழுவதே இல்லை. அந்தக் காலத்துக்கு ‘காமோஸ்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். போதாக்குறைக்கு நமக்கும் அவர்களுக்கும் குளிர்காலத்தில் மூன்றரை மணி நேர வித்தியாசம். நம் உடம்பு ஏழு மணி என்று விழித்துக்கொள்ளும்போது அங்கே அதிகாலை மூன்றரை. அதிலிருந்து ஏழரை மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் அவள் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: “என்னங்க, இங்க விடியவே விடியாதா?” நியாயமாகச் சொன்னால், சூரியன் வருவதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் வானமும் பனியும் ஒரே நீலமாக இருக்கும் நேரம் ரொம்ப அழகு. அதை ஒருநாள் பார்க்கலாம், ஏழு நாளும் அதையே பார்ப்பது கஷ்டம்.

எனவே என் பதில்: பண்டிகையை நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டு, பிப்ரவரி கடைசி வாரத்துக்கும் மார்ச் இரண்டாம் வாரத்துக்கும் நடுவில் போங்கள். பிப்ரவரிக் கடைசியில் ரோவனியெமியில் பகல் ஒன்பதரை மணி நேரம் வந்துவிடும். மார்ச் 20-ஐ ஒட்டி நமக்கும் அவர்களுக்கும் ஒரே பகல், பன்னிரண்டு மணி நேரம். தரையில் பனி மிக ஆழமாகக் கிடப்பதும் மார்ச்சில்தான். கிறிஸ்துமஸ் சமயம் அந்த ஊரில் அறை வாடகை உச்சியில் இருக்கும், அதுவும் தணிந்திருக்கும். கோடை மழை விழுந்து தேயிலை துளிர்ப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

ஐஸ்லாந்தை நான் கழித்துவிட்டதற்குக் காரணம் காற்று. வளைகுடா நீரோட்டத்தின் வெதுவெதுப்பால் ரெய்க்யாவிக்கில் ஜனவரியின் சராசரியே பூஜ்யத்தை ஒட்டித்தான்; தலைக்குந்தாவின் விடிகாலை மாதிரி. ஆனால் புயல் வந்தால் சாலையை மூடிவிடுவார்கள், ஆறு நாள் பயணத்தில் இரண்டு நாள் அறைக்குள் கழியலாம். அருவிகளும் எரிமலையும் பார்க்க அது கோடையில் போக வேண்டிய நாடு என்பது என் கட்சி. லாப்லாந்து கடலிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் குளிர் கூடுதல், காற்று குறைவு. பின்லாந்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 51.5, 1999 ஜனவரி 28, கிட்டிலா பகுதியின் போக்கா கிராமம். பயப்பட வேண்டாம். மார்ச்சில் சாதாரணமாக மைனஸ் 5-லிருந்து 15 வரை, ஒரு சில இரவு அதற்கும் கீழே.

எத்தனை ஊர்? ஒன்றே ஒன்று. நம்மவர்கள் ஆறு நாளில் பின்லாந்து, நார்வே, ஸ்வீடன் மூன்றையும் தொட்டுவிட்டு வரும் திட்டத்தைக் காட்டி எப்படி என்று கேட்கிறார்கள். பெட்டி தூக்கியே பொழுது போய்விடும். மலை இறங்கி, விமான நிலையம் போய், வழியில் ஒரு இடத்திலாவது மாறி ஹெல்சிங்கி சேரவே ஒன்றரை நாள் ஆகிவிடும். அங்கே ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் இரவு ரயிலில் ரோவனியெமிக்கு ஏறுங்கள். சுமார் 900 கி.மீ., ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னையில் விழித்துப் பழகியவர்களுக்கு இது சொந்த ஊர் சமாச்சாரம் மாதிரி; இருவருக்கு மட்டுமான தனி அறை கிடைக்கும் என்பதுதான் வித்தியாசம். விடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தால், பனி சுமந்த பைன் மரங்கள் மணிக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். திரும்பும்போது விமானம் பிடித்துக்கொள்ளுங்கள், ஒன்றேகால் ஒன்றரை மணி நேரம்தான்.

ரோவனியெமி பார்க்க அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரை எரித்துவிட்டது. பிறகு ஆல்வார் ஆல்ட்டோ என்ற கட்டடக் கலைஞர் கலைமான் கொம்பு வடிவத்தில் தெருக்களை வரைந்து ஊரை மறுபடி எழுப்பக் கொடுத்தார். அதனால் பழைய கட்டடம் என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் இரண்டு ஆறுகள் கூடும் இடம். இரண்டும் உறைந்து கிடக்கும். அதன்மேல் குறியிட்ட பாதையில் ஆட்கள் சறுக்கிக்கொண்டு போவார்கள். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் காலடியில் பனி ‘கிறீச் கிறீச்’ என்று புதுச் செருப்பு மாதிரி கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டே குளிரைக் கணிக்க எங்களுக்கு நாலாம் நாள் வந்துவிட்டது.

அப்புறம், ‘பனி’ என்ற நம் சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். நீர்ப்பனி, மூடுபனி, உறைபனி எல்லாம் நமக்குப் பனிதான். அவை தரையில் படிகிறவை, மிதக்கிறவை. அங்கே விழுவது வெண்பனி. கையில் பிடித்தால் மாவு மாதிரி உதிரும், உருண்டை பிடிக்க வராது. ஒரே ஒரு விஷயம் மட்டும் ரெண்டு ஊருக்கும் பொது. காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். தலைக்குந்தா வெளுத்துக் கிடக்கும்போது மேட்டில் இருக்கும் தோட்டம் தப்பிவிடுவது உங்களுக்குத் தெரியாததா? அங்கேயும் ஆற்றோரம் மைனஸ் 22 காட்டும் இரவில் பக்கத்துக் குன்றின்மேல் சில டிகிரி குறைவாகத்தான் கடிக்கும்.

இனி துருவ ஒளி. இதற்காக அவ்வளவு தூரம் போகிறோம். ஆனால் அதை உண்டாக்கும் சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து பாயும் மின்துகள்களை, ஊட்டிப் பக்கத்து முத்தோரையில் உட்கார்ந்து அளந்துகொண்டிருக்கிறார்கள் என்பது நம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பாலாடா போகும்போது மலைச்சரிவில் நீளமாகப் படுத்திருக்குமே, 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி, 1970-லிருந்து இயங்குவது, அதுதான். தூரத்து விண்பொருள்களிலிருந்து வரும் ரேடியோ அலைகள் சூரியக் காற்றைக் கடக்கும்போது மினுக்குகின்றன. அந்த மினுக்கலை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். கொடைக்கானல் ஆய்வகம் இன்னும் பழசு. நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியப் புள்ளிகளைப் பதிவு செய்கிறது. ஆக, சூரியனிலிருந்து கிளம்பும் மின்துகள்களைக் கவனிக்க நம் மலைகள் போதும். ஆனால் பூமியின் காந்தப்புலம் அவற்றைத் துருவப் பக்கம் இழுத்துக்கொண்டு போவதால், வெளிச்சம் பார்க்க மட்டும் வடக்கே போக வேண்டும். அங்கே நூறு கிலோமீட்டருக்கு மேலே ஆக்சிஜன் அணுக்களில் மோதினால் பச்சை, இருநூறுக்கு மேலே என்றால் சிவப்பு. பின்லாந்துக்காரர்கள் அதை ‘நரி நெருப்பு’ என்கிறார்கள். நரி வாலால் பனியைத் தட்டிவிட, பொறி வானத்துக்குப் பறந்ததாம்.

பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, துருவ ஒளியைத் தூண்டும் காந்தப் புயல்கள் கொஞ்சம் அதிகம். மேகமும் டிசம்பரைவிடக் குறைவு. மார்ச்சுக்கு இது இன்னொரு ஓட்டு. முதல் பயணத்தில் ஆறு இரவும் மேகம், ஒன்றும் பார்க்கவில்லை. இரண்டாவதில் நாலாம் இரவு. வேனில் ஏற்றிக் காட்டுக்குள் கூட்டிப்போகும் பயணத்துக்கு ஆளுக்கு நூறு யூரோவை ஒட்டிக் கேட்கிறார்கள். மேகமுள்ள இரவில் தெளிந்த வானம் தேடி ஓட்டுவார்கள் என்பதால் அதில் அர்த்தம் உண்டு. வானம் தெளிவாக இருந்தால் தேவையில்லை. ஆர்க்டிகும் அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஆற்றங்கரைப் பூங்காவுக்கு நடந்தே போகலாம், உள்ளூர்க்காரர்களும் அங்கேதான் வருகிறார்கள். நாங்கள் பத்தரை மணிக்குப் போனோம். முதலில் சாம்பல் நிறத்தில் மெலிந்த மேகம் மாதிரி ஒரு கோடு. “மேகம்தாங்க, வாங்க போகலாம்” என்று அவள் திரும்பிவிட்டாள். போனைத் தூக்கிப் பிடித்தேன், திரையில் பச்சை. அடுத்த ஐந்து நிமிஷத்தில் அந்தக் கோடு அகன்று, ஈரத்துணியை உதறினாற்போல நெளிய ஆரம்பித்தது, வெறும் கண்ணுக்கே பச்சை தெரிந்தது. இரண்டு படம் எடுத்தேன். அறுபது சதவீதம் சார்ஜ் இருந்த போன் அணைந்துவிட்டது. அந்தக் குளிரில் பேட்டரி அப்படித்தான் செய்யும். உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வைத்திருந்து, எடுக்கும்போது மட்டும் வெளியே எடுக்க வேண்டும். மீதி நாற்பது நிமிஷம் வெறுமனே அண்ணாந்து நின்றோம், அதுவும் நல்லதாகவே போயிற்று. கேமரா கொண்டுபோனால், அறைக்குள் நுழையும் முன் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் லென்ஸெல்லாம் வியர்த்துவிடும்.

துணிமணி விஷயத்தில் பாதி உங்கள் பீரோவிலேயே இருக்கிறது. ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் வாங்கிய ஸ்வெட்டர் நடு அடுக்குக்குப் போதும். உடம்போடு ஒட்டும் அடுக்கு மட்டும் நல்ல மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ வாங்குங்கள், ஆளுக்கு இரண்டு செட். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாக ஒட்டிக்கொண்டு அதுவே குளிரவைக்கும். மேலே காற்றும் தண்ணீரும் புகாத நீளமான ஜெர்கின். நாய் வண்டி, பனி வண்டி மாதிரி எதற்காவது பதிவு செய்தால் பெரும்பாலும் கனமான மேலுடையும் பூட்ஸும் அவர்களே கொடுத்துவிடுவார்கள். கைக்கு விரல் பிரியாத உறைதான் சூடு. பூட்ஸ் ஒரு சைஸ் பெரியதாக இருக்கட்டும். இறுக்கமாக இரண்டு சாக்ஸ் போடுவதைவிடத் தளர்வாக ஒரு கம்பளிச் சாக்ஸ் மேல். விரலைச் சுற்றிக் காற்று இருந்தால்தான் சூடு நிற்கும்.

இதில் ஒரு விஷயம் எந்த வழிகாட்டியிலும் இருக்காது: மெட்டி. கழற்றக் கூடாது என்று என் மாமியார் சொல்லிவிட்டதால் அவளும் போட்டுக்கொண்டே வந்தாள். ஆற்றங்கரையில் நின்ற அன்று இரவு “ரெண்டாவது விரல் இருக்கிற மாதிரியே தெரியலீங்க” என்றாள். அறைக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் மெட்டியைச் சுற்றி விரல் வெளுத்துக் கிடந்தது. உலோகம் குளிரைக் கடத்தும், வளையம் ரத்த ஓட்டத்தையும் அழுத்தும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் வைத்துக் கால் மணி நேரத்தில் உணர்வு வந்தது, வலியோடு. மறுநாள் மெட்டி பர்ஸுக்குள் போயிற்று. கோயம்புத்தூரில் இறங்கியதும் திரும்ப ஏறியது, மாமியாருக்கு இன்றுவரை தெரியாது. தோடு, மூக்குத்திக்கும் இதே கதைதான். பனிக்கடி முதலில் வருவது மூக்கு நுனி, கன்னம், காது மடல். மரத்துப்போவதால் பட்டவருக்குத் தெரியாது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒருவர் முகத்தை இன்னொருவர் உற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் தேய்க்காமல், உறையைக் கழற்றி வெறும் உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு அப்புறம் இப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேறு எந்த ஊரும் கட்டாயப்படுத்தாது.

நடை. நாம் மலைக்காரர்கள், இறக்கத்தில் குதிகாலை ஊன்றி வேகமாக இறங்குவோம். அங்கே அப்படி இறங்கி ஒரு கடை வாசலில் நான் முழு நீளத்துக்கு விழுந்தேன். மார்ச்சில் பகலில் லேசாக உருகி இரவில் மறுபடி உறைவதால் நடைபாதை கண்ணாடி. சின்ன அடியாக, பாதம் முழுவதும் பதித்து, உடம்பு பாரத்தை முன்காலின்மேல் போட்டு நடக்க வேண்டும். பூட்ஸுக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டை அங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும், முதல் வேலையாக வாங்குங்கள்.

சாப்பாட்டுக்குச் சமையலறை உள்ள அறையாகப் பிடியுங்கள். ஓட்டலில் இரண்டு வேளை சாப்பிட்டால் பர்ஸ் காலி. சால்மன் மீன் போட்ட பால் சூப், கம்பு மாதிரி கறுத்த ரை ரொட்டி, ஏலக்காய் மணக்கும் பட்டை பன் இதெல்லாம் நமக்கு ஒத்துப்போகும். சல்மியாக்கி என்று கறுப்பாக ஒரு மிட்டாய் நீட்டுவார்கள். உப்பும் அதிமதுரமும் சேர்ந்தது. வாயில் போட்ட பிறகு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முயற்சி செய்யுங்கள். ஊரிலிருந்து புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா, இறைச்சி வகை எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள்; கருவாட்டுக்கு இந்தத் தடை இல்லை. கறிவேப்பிலை, மாம்பழத்துக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். வர்க்கி தாராளமாகப் போகும். உங்கள் தேயிலைத்தூளையும் மறக்காதீர்கள். ஆளுக்கு ஆள் காபி குடிப்பதில் உலகில் முன்வரிசையில் இருக்கும் நாடு அது. டீ கேட்டால் கோப்பையில் சுடுதண்ணீரும் பக்கத்தில் ஒரு பையும் வைப்பார்கள். தேயிலை விவசாயிக்கு அது மனவேதனை.

கலைமான் வண்டியா, நாய் வண்டியா என்று கேட்பீர்கள். நாய் வண்டி வேகம், குரைப்பு, கலாட்டா. இரண்டு மணி நேரப் பயணத்துக்கு ஆளுக்கு நூறு யூரோவுக்கு மேல். எனக்குப் பிடித்தது கலைமான்தான். நடக்கிற வேகத்தில் சத்தமே இல்லாமல் காட்டுக்குள் போகும். அங்கே திரியும் கலைமான் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு, காதில் வெட்டும் அடையாளத்தை வைத்துச் சொல்வார்கள். எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், பேங்கில் எவ்வளவு பணம் என்று கேட்பதற்குச் சமம். அந்த மனிதர் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்கு நம் தோடர் குடியிருப்புகளான மந்துகளின் எருமைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. கண்ணாடிக் கூரை வீடு ஒரு இரவுக்கு முந்நூறு யூரோவுக்கு மேலேயே போகும். மேகமாக இருந்தால் கூரையில் பனி விழுவதைத்தான் பார்ப்பீர்கள். அந்தக் காசுக்கு, குளியலறையோடு ‘சானா’ என்ற வெந்நீராவிக் குளியல் அறையும் சொந்தமாக உள்ள அறையில் மூன்று நாள் தங்கலாம். 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய வழக்கம் அது. எண்பது டிகிரிக்கு மேல் சூடு, கல்லில் தண்ணீர் ஊற்றினால் ஆவி முகத்தில் அறையும். பொதுச் சானாவில் துணியில்லாமல் உட்கார்வார்கள், ஆண் பெண் தனித்தனியே; கூச்சம் என்றால் சொந்த அறைதான் சரி.

விசா. பின்லாந்து உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா. 2024 ஜூனிலிருந்து ஆளுக்கு 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவுக்குப் பதினைந்து நாள் கணக்கு, சில சமயம் 45 வரை இழுக்கும். அதனால் டிசம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். உங்களுக்கு வரக்கூடிய சிக்கல் ஒன்று: பச்சைத் தேயிலை விற்ற பணம் விவசாய வருமானம் என்பதால் பலர் வருமான வரி ரிட்டர்னே போடுவதில்லை. தொழிற்சாலை உங்கள் கணக்கில் மாதாமாதம் போட்ட இலைப் பணம் தெரியும் வங்கி அறிக்கை, சிட்டா, திருமணச் சான்று, மகளின் பள்ளிச் சான்று இவற்றோடு ஒரு பக்க விளக்கக் கடிதமும் வையுங்கள். மகள் இங்கே படிக்கிறாள் என்பதே திரும்பி வருவீர்கள் என்பதற்கு நல்ல ஆதாரம்.

மகள் என்றதும் நினைவு வருகிறது. ஊரிலிருந்து எட்டு கி.மீ. வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தின் மேலேயே சாண்டா கிளாஸ் கிராமம் இருக்கிறது. தாத்தாவைப் பார்க்கக் காசில்லை, படத்துக்குத்தான் காசு. அங்குள்ள தபால் நிலையத்திலிருந்து பிள்ளைக்கு ஒரு அட்டை போடுங்கள். அங்கே இரண்டு பெட்டி இருக்கும். சிவப்புப் பெட்டியில் போட்டால் அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் அனுப்புவார்கள். நாங்கள் மார்ச்சில் எங்கள் பிள்ளைக்கு எழுதியதை அவசரமாக அதில் போட்டுவிட்டு வந்தோம். “சீக்கிரம் வந்துவிடுவோம், பாட்டியைத் தொந்தரவு செய்யாதே” என்று எழுதிய அட்டை, டிசம்பரில் உறைபனி விழுந்த ஒரு காலையில், நாங்கள் மூவரும் வெயிலில் உட்கார்ந்து வர்க்கி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது.